துப்பாக்கி கிளப்பில், ஈயம் காரில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாகக் குறிசுடுதலைப் பழகிய பிள்ளைகள் அதைத் தொடர விரும்புகிறார்கள். தேசிய சேவை முடித்த இளையர்கள் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ள நினைக்கிறார்கள். இருவர் வீட்டிலும் பெற்றோர் முதலில் கேட்பது ஒன்றுதான்: “துப்பாக்கியை எங்கேப்பா வைப்பாய்?” சிங்கப்பூரில் இதற்குப் பதில் எளிது. விளையாட்டுத் துப்பாக்கி சுடுதளத்தின் ஆயுதக் காப்பறையில் பூட்டியிருக்கும், வீவக வீட்டு அலமாரிக்கு வராது. பெற்றோர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். ஆனால் சுட்டு முடித்துத் திரும்பும்போது வீட்டுக்கு என்ன வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஈயத்தூள் வருகிறது. சில சமயம் காலித் தோட்டா உறை வருகிறது. காதில் ஓர் இரைச்சலும் வருகிறது. மூன்றும் பெரும்பாலும் காரில்தான் வருகின்றன.

ஈயத்திலிருந்து தொடங்குகிறேன். குறிசுடுதலில் பயன்படும் சிறிய .22 தோட்டாவின் அடிவிளிம்பில் இருக்கும் பற்றுமருந்தில் ஈயச் சேர்மம் கலந்திருக்கிறது. சுட்டவுடன் அது நுண்புகையாகி விரலிலும் முகத்திலும் சட்டைக் கையிலும் படியும். அந்தத் தோட்டாவின் குண்டுக்குப் பெரும்பாலும் செம்புறை கிடையாது, வெறும் ஈயம்தான். குழலில் உரசும்போது கொஞ்சம், எதிர்ச்சுவரில் மோதும்போது நிறைய என்று அதுவும் தூளாகிறது. 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் புகை இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டை, அதாவது சின்ன ஈயக்குண்டை, ஒவ்வொன்றாக விரலால் எடுத்து வைக்கிறோம். போட்டிக்கு 60, முன்பயிற்சியையும் சேர்த்தால் 80 தடவை அதே இரண்டு விரல்கள் ஈயத்தைத் தொடுகின்றன. பெல்லட் டப்பாவின் அடியில் சாம்பல்போல் படிந்திருப்பது ஈயத்தூள். அடுத்த பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொண்டு குறி பார்க்கும் பழக்கம் எங்காவது கண்ணில் பட்டால், அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

கை சுத்திகரிப்பான் கிருமியைக் கொல்லும், ஈயத்தை அகற்றாது. அதைத் தேய்த்தால் ஈயம் கை முழுக்கப் பரவுவதுதான் மிச்சம். குழாய்த் தண்ணீரும் சோப்பும் வேண்டும். நகக்கண்ணைத் தேய்க்க ஒரு சின்னத் தூரிகையும் இருந்தால் நல்லது. முகத்தையும் கழுவ வேண்டும், மீசை தாடி உள்ளவர்கள் கட்டாயமாக. இது நமக்குக் கூடுதல் முக்கியம். காலைப் பயிற்சி முடிந்ததும் நேராகப் பரோட்டாக் கடைக்குப் போய்க் கையால் பிய்த்துக் குழம்பில் தொட்டுச் சாப்பிடுகிறவர்கள் நாம். கரண்டியால் சாப்பிடுகிறவரைவிட நம் வாய்க்கு ஈயம் போக வழி அதிகம். இன்னொன்று, வெறும் வயிற்றில் உடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சுகிறது. விரத நாளில் சுடப் போவதைத் தள்ளிப்போடுவதே நல்லது. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைவாக உள்ளவர்களுக்கும் உறிஞ்சல் கூடும். சைவ உணவுக்காரர்கள், குறிப்பாகப் பெண்கள், இதைக் கவனிக்க வேண்டும்.

இனி கார். சுடுதளத்தின் தரையில் நின்ற காலணியோடு ஏறி உட்கார்ந்தால், துணி மிதியடியின் இழைக்குள் தூள் இறங்கிவிடும். குளிர்சாதனக் காற்று அதைக் கிளப்பும். பின்னிருக்கையில் குழந்தை இருக்கை இருக்கும். அதன் மேலேயே துப்பாக்கிச் சாமான் பையை வைப்பவர்கள் உண்டு, மற்ற இடமெல்லாம் நிறைந்திருப்பதால். தவழும் வயதுக் குழந்தை கையை வாயில் வைக்காமல் இருக்குமா? குழந்தைகளுக்கு ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் குழந்தைகளின் ரத்த ஈயத்துக்கான எச்சரிக்கை அளவை டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. அதற்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்றும் யாரும் சொல்வதில்லை.

செய்ய வேண்டியது செலவில்லாத வேலை. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் காரின் பின்பெட்டியில் நிரந்தரமாக வையுங்கள். சுடுதளக் காலணி அதிலேயே கிடக்கட்டும், வீட்டு வாசல் வரைக்கும் வர வேண்டாம். கார் நிறுத்துமிடத்தில் செருப்புக்கு மாறிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறுங்கள். துணி மிதியடியை எடுத்துவிட்டு ரப்பர் மிதியடி போட்டால் ஈரத் துணியால் துடைக்கலாம். சாதாரணத் தூசு உறிஞ்சி பெரிய துகளைப் பிடித்துக்கொண்டு நுண்தூளைப் பின்பக்கமாக ஊதிவிடும். நுண்தூளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி இல்லாத கருவியை ஈயம் பட்ட இடத்தில் ஓட்டாமல் இருப்பதே மேல். ஸ்டியரிங், கியர்ப்பிடி, கைப்பேசி மூன்றையும் ஈரத் துடைப்பானால் துடையுங்கள். அன்று போட்ட சட்டையைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. தனியார் வாடகை காரில் போகிறவர்கள் பையைப் பெரிய குப்பைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஏறினால், அடுத்து ஏறும் பயணியின் பிள்ளைக்கும் நல்லது.

வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் .22 சுடுகிறவர்கள் குடும்ப மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் ஈய அளவை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். வழக்கமான உடற்பரிசோதனையில் அது இருக்காது, கேட்டால்தான் செய்வார்கள். ரத்தத்தில் ஈயம் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். எலும்பில் போய்த் தங்கியது பல ஆண்டு இருக்கும், கருவுற்ற காலத்தில் அங்கிருந்து மறுபடி ரத்தத்துக்கு வரும். கருவுற்றிருப்பவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் உள்ளரங்கச் சுடுதளத்துக்குப் போகாமல் இருப்பது நல்லது. இரைச்சலும் ஒரு காரணம், அதைக் காதடைப்பான் கருவுக்குத் தடுத்துத் தராது.

இரைச்சலைப் பற்றி நம்மவர்களுக்கு அலட்சியம் அதிகம். “தேசிய சேவையில் எஸ்ஏஆர் 21 ராணுவ ரைஃபிள் சுட்ட காது இது” என்பார்கள். அந்தக் காது ஏற்கெனவே கொஞ்சம் இழந்த காது என்பதுதான் அதன் பொருள். .22 ரைஃபிளின் உச்ச ஒலி 140 டெசிபெல் அளவில் இருக்கும், 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி 160ஐ ஒட்டிப் போகும். பெரியவர்களுக்கான உச்ச வரம்பு 140 என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது, சிறுவர்களுக்கு 120. உள்ளரங்கில் சுவர் ஒலியைத் திருப்பி அடிப்பதால் நுரைக் காதடைப்பானும் அதன்மேல் காதுமூடியும் சேர்ந்தே வேண்டும். இரண்டையும் போட்டால் இரண்டின் எண்களும் கூடிவிடும் என்று எண்ணாதீர்கள். நல்லது எதுவோ அதற்கு மேல் 5 டெசிபெல் அளவு கூடும், அவ்வளவுதான். நுரையை மெல்லிய குச்சிபோல் உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை 20, 30 விநாடி விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருக்கும் அடைப்பான் பாதிகூட வேலை செய்யாது. மூக்குக்கண்ணாடியின் தடித்த காது காதுமூடியின் மெத்தையைத் தூக்கிவிட்டு இடைவெளி உண்டாக்கும். மெல்லிய கம்பிச் சட்டகம் வாங்குங்கள். காதுமூடியைக் காரிலேயே போட்டுவைத்தால் வெயிலில் மெத்தை இறுகி வெடிக்கும், பிறகு அது வெறும் அலங்காரம்.

பாதுகாப்பு போதுமானதாக இருந்ததா என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி. சுடுதளத்துக்கு வந்து சேர்ந்ததும் இயந்திரத்தை அணைத்துவிட்டு, கார் வானொலியில் ஒலி 96.8 நிலையத்தைப் போட்டு, பேச்சு புரியும் மிகக் குறைந்த அளவுக்குச் சத்தத்தைக் குறைத்து அந்த அளவின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சுட்டுவிட்டு வந்து, அதே இடத்தில் அதே அமைதியில் மறுபடி பாருங்கள். எண்ணைக் கூட்டினால்தான் புரிகிறது என்றால் காதுக்கு அடி விழுந்திருக்கிறது. ஓய்வில் அது மீளலாம், அடிக்கடி நடந்தால் மீளாது. இரைச்சலோ மந்தமோ மறுநாளும் தொடர்ந்தால் வார இறுதிவரை காத்திராமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

கண்ணுக்கு வருவோம். கைத்துப்பாக்கி சுடுபவர் பார்க்க வேண்டியது இலக்கையல்ல, ஏறத்தாழ 1 மீட்டர் தள்ளிக் குழல்முனையில் இருக்கும் முன்குறியை. இலக்கு மங்கலாகத் தெரிந்தாலே போதும். 40 வயதுக்கு மேல் முன்குறி மங்கத் தொடங்கும்போது பலர் துப்பாக்கியைக் குறை சொல்கிறார்கள். கண்ணாடிக்கடையில், தூரப்பார்வைக்கான அளவோடு +0.50 அல்லது +0.75 கூட்டித் தரச் சொல்லிச் சோதித்துப் பாருங்கள். -3.00 உள்ளவருக்கு -2.50 என்று வரும். இரு பார்வைக்கும் படிப்படியாக மாறும் புரோக்ரெசிவ் கண்ணாடி இதற்கு ஆகாது, தலையை ஒரு நூல் அசைத்தால் முன்குறியின் தெளிவு மாறும். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை கட்டுக்குள் வந்து சில வாரம் ஆன பிறகே அளவெடுக்க வேண்டும். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்வில்லையின் திறனும் மாறுவதால், இன்று செய்த கண்ணாடி அடுத்த மாதம் பொருந்தாமல் போகும். மற்றக் கண்ணை இறுக மூடாதீர்கள், முகத்தசை களைத்துவிடும். அந்தக் கண்ணுக்கு முன்னால் மாட்டும் மறைப்புத் துண்டைப் பன்னாட்டு விதி 30 மில்லிமீட்டர் அகலம் வரை அனுமதிக்கிறது. ஒளி ஊடுருவும் வெள்ளைத் துண்டாக இருந்தால் இரு கண்மணியும் ஒரே அளவில் விரிந்திருக்கும். முடிந்ததும் அந்தக் கண்ணாடியைக் கழற்றி உறையில் வைத்துவிட்டுத்தான் காரை எடுக்க வேண்டும். கூட்டிய +0.50 தூரத்தை மங்கலாக்கும். பழைய சுவா சூ காங் சாலையில் லாரிகளுக்கு நடுவே, அதுவும் மழையில், அந்த மங்கல் விளையாட்டல்ல.

மருந்தைப் பற்றி ஒரு முக்கியத் தகவல். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் அட்டெனோலால், பிசோப்ரோலால், மெட்டோப்ரோலால், ப்ரோப்ரானோலால் ஆகியவை பீட்டா பிளாக்கர் வகை. நடுக்கத்தையும் துடிப்பையும் குறைப்பதால் குறிசுடுதலில் போட்டி நாளில் மட்டுமன்றி மற்ற நாள்களிலும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு இவற்றைத் தடை செய்திருக்கிறது. கண் அழுத்த நோய்க்கு விடும் டிமோலால் சொட்டு மருந்தும் இதில் அடங்கும், அதைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. வார இறுதியில் கிளப்பில் சுடுவதோடு நிற்பவர்களுக்குக் கவலையில்லை. அதிகாரபூர்வப் போட்டியில் பெயர் கொடுக்கிறவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் மாற்று மருந்து கேட்க வேண்டும். போட்டிக்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துவது பேராபத்து. இதை நிறுத்தினால் துடிப்பும் அழுத்தமும் முன்பைவிட எகிறும்.

வாங்குவதற்கு வருகிறேன். இங்கே துப்பாக்கி வாங்குவது கார் வாங்குவதைப்போல் கடையில் தொடங்குவதில்லை, சங்கத்தில் தொடங்குகிறது. உறுப்பினராகி, பாதுகாப்புப் பயிற்சி முடித்து, கிளப் துப்பாக்கியில் பழகி, பின் சங்கத்தின் வழியாகக் காவல்துறையின் உரிமத்துக்கு விண்ணப்பித்து, அது கைக்கு வந்த பிறகே பொருளுக்குப் பணம். வரிசை மாறினால் சட்டச் சிக்கல். முதல் 6 மாதம் எதுவும் வாங்காதீர்கள் என்பது என் கருத்து. எந்தக் கண் ஆதிக்கம் செலுத்துகிறது என்பதுகூட அதற்குள்தான் சிலருக்குத் தெரியவரும். இரு கையையும் நீட்டி விரல்களுக்கிடையே சிறு ஓட்டை விட்டுத் தொலைவில் ஒரு பொருளைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடும்போது எதை மூடினால் பொருள் மறைகிறதோ அதுதான் ஆதிக்கக் கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆதிக்கம் இருந்தால், 2,000 வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கிய வலக்கைப் பிடியுள்ள துப்பாக்கி வீணாகக்கூடும். முதலில் காதுமூடி, கண்ணாடி, தட்டை அடியுள்ள காலணி. துப்பாக்கி கடைசி.

பழைய காற்றுத் துப்பாக்கி மலிவாகக் கிடைத்தால் முதலில் காற்றுச் சிலிண்டரில் பொறித்திருக்கும் மாதமும் ஆண்டும் பாருங்கள். பொதுவாக அதன் ஆயுள் 10 ஆண்டு. காலாவதியான சிலிண்டரோடு போட்டியில் நிற்க முடியாது, அதைக் கவனிப்பது சுடுபவரின் பொறுப்பு என்று பன்னாட்டு விதி சொல்கிறது. நம் கார்களின் சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழும் 10 ஆண்டுதான், அதையாவது காசு கட்டிப் புதுப்பிக்கலாம். சிலிண்டருக்குப் பெரும்பாலும் புதிது வாங்குவதே வழி. 9 ஆண்டு ஓடிய சிலிண்டரோடு வரும் ‘மலிவு’ துப்பாக்கியின் விலையில் புதிய சிலிண்டரையும் கூட்டிப் பாருங்கள். அடுத்து, 200 பார் அழுத்தத்துக்கு மெதுவாகக் காற்று நிரப்பி, ஆறவிட்டு, அளவைக் குறித்துக் காப்பறையில் ஓரிரவு விடச் சொல்லுங்கள். வேகமாக நிரப்பினால் காற்று சூடாகி எண் கூடுதலாகக் காட்டி, ஆறியதும் இறங்கும், அதைக் கசிவு என்று தப்பாக எண்ணக்கூடாது. ஆறிய பிறகும் மறுநாள் முள் இறங்கியிருந்தால் வளைய ரப்பர் தேய்ந்திருக்கலாம். அது கைத்துப்பாக்கி வகையாக இருந்தால், பிறகு குழலைச் செங்குத்தாக நிறுத்தி 500 கிராம் எடைக்கல்லை விசையில் தூக்கவிடுங்கள். விசை விடுபடாமல் கல்லைத் தாங்க வேண்டும், விடுபட்டுவிட்டால் போட்டிச் சோதனையில் தேறாது.

கிளப்பின் பெரிய நிரப்புச் சிலிண்டரைக் காற்றடைக்க டைவிங் கடைக்குக் காரில் கொண்டுபோகிறவர்கள் அதைப் படுக்கவைத்து உருளாதபடி கட்ட வேண்டும். திடீர் பிரேக்கில் அந்த எடை முன்னிருக்கை வரை வரும். நிரப்பிய பின் வெட்டவெளிக் கார் நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். 27 டிகிரியில் 200 பார் இருந்தது, கார் உள்ளே 60 டிகிரி ஆனால் 222 பார் ஆகும்.

இணையக் கடையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பிளாஸ்டிக் மணியைச் சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கி வெளிநாட்டுக் கடைகளில் பொம்மை அலமாரியில் இருக்கலாம். இங்கே உரிமமின்றி வைத்திருப்பது குற்றம். பெல்லட், உதிரிப்பாகம் எதையும் சங்கத்தைக் கேட்காமல் பொட்டலத்தில் வரவழைக்காதீர்கள். 1973ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டத்தின்படி துப்பாக்கியோ தோட்டாவோ சட்டவிரோதமாக வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு.

அதனால்தான் காலி உறையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. .22 உறை 1.5 சென்டிமீட்டரை ஒட்டிய நீளம், பென்சிலைவிட மெல்லியது. வெளியே தெறிக்கும்போது சட்டைப் பையிலும், மடித்த கால்சட்டை விளிம்பிலும், காலணிப் பள்ளத்திலும், பைத் தையலிலும் விழுந்து தங்கும். பிறகு காரில் இருக்கைத் தண்டவாளத்தின் இடுக்கிலும், உதிரிச் சக்கரக் குழியிலும் மாதக்கணக்கில் கிடக்கும். ராணுவச் சுடுபயிற்சி முடிந்ததும் தோட்டாவோ உறையோ தம்மிடம் இல்லை என்று வாய்விட்டு அறிவித்த பிறகே வீரர்கள் கிளம்புவார்கள். கிளப்பில் அந்த வழக்கம் இல்லாவிட்டால் நாமே வைத்துக்கொள்ள வேண்டும். சுடுதளத்தை விட்டு வெளியேறும் முன் பையைத் தலைகீழாக உதறி, காலணி அடியைத் தட்டி, பைகளை வெளியே இழுத்துப் பாருங்கள். சுடுதள நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: வெளிவாசலருகே ஒரு கைகழுவும் தொட்டி, ஓர் ஈர மிதியடி, காலி உறை போட ஒரு வாளி. இம்மூன்றையும் வைத்தால் மேலே எழுதியதில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அந்தக் காரை எடுத்துக்கொண்டு வார இறுதியில் ஜோகூர் பாரு போகிறவர்கள் பெட்ரோல் முள் முக்கால்வாசிக்கு மேல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். முதல் நாளே மிதியடிகளை எடுத்து உதறி, பின்பெட்டியைக் காலிசெய்து, சக்கரக் குழிக்குள் கைவிளக்கு அடித்துப் பார்ப்பதற்கு 10 நிமிடம்தான் ஆகும். இந்தப் பக்கம் உட்லண்ட்ஸ், அந்தப் பக்கம் மலேசியச் சாவடி, இரண்டிலும் அதிகாரியின் கையில் ஓர் உறை அகப்பட்டால் ‘விளையாட்டுக்காக’ என்று விளக்கம் சொல்லிக்கொண்டு அந்த நாள் முழுவதும் அங்கேயே நிற்க நேரிடலாம். விமானப் பயணத்துக்கும் இதே கதைதான். சுடுதளத்துக்குப் போகும் பையைப் பயணப் பையாகப் பயன்படுத்தாதீர்கள். துணியில் ஒட்டிய வெடிமருந்துத் தடத்தைச் சோதனைத் துடைப்பான் கண்டுபிடித்துவிடும். சுடப்போவதற்கென்று ஒரு மலிவான பை, அடையாளத்துக்கு வேறு நிறத்தில், தனியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பொழுதுபோக்குக் குறிசுடுநர் ஒருவர்,
ஜூரோங் வெஸ்ட்